முன் பிரேக் மேல வாங்கின சத்தியம்

என் கண்ணு சிட்டுக்கு உன் சித்தி எழுதறது. இங்க நானும் சித்தப்பாவும், தையல் மெஷின் டிராயருக்குள்ள நாலு குட்டி போட்டு வச்சிருக்கற பூனையும் ஆண்டவன் புண்ணியத்துல நல்லா இருக்கோம். அங்க நீயும் உன் தோள்பட்டை எலும்பும் நல்லா இருக்கணும்னு காலையில எழுந்ததும் ஒரு தரம், பேக்கரிக்குக் கெளம்பறப்ப ஒரு தரம் வேண்டிக்கறேன். எலும்புக்குன்னு தனியா வேண்டறது எனக்கு இதுதான் முதல் தடவ. போன்லதான் தினமும் பேசறோமே, எதுக்கு இப்ப லெட்டர்னு நீ நெனைப்ப. போன்ல நான் ஒண்ணு சொல்ல வாயெடுத்தா நீ சரி சித்தி, சரி சித்தின்னு நாலு சரி போட்டு வச்சிடற. அந்த நாலுல ஒண்ணு கூட உன் காதுக்குள்ள போனதில்லன்னு எனக்குத் தெரியும், வளத்தவ நானாச்சே. இது சரி போட்டு வைக்கற விஷயம் இல்ல. உக்காந்து, பக்கத்துல ஒரு டம்ளர் தண்ணி வச்சுக்கிட்டு, கடைசி வரைக்கும் படி. ஒண்ணாந்தேதியிலேருந்து நீ வண்டி எடுக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாராமே, அதுக்குள்ள இது உன் கைக்கு வந்து சேரணும்னுதான் ஞாயித்துக்கிழமை மத்தியானத் தூக்கத்த விட்டுட்டு எழுதிக்கிட்டு இருக்கேன்.

வீட்டு சேதிய மொதல்ல சொல்லிடறேன், இல்லாட்டி மறந்துடுவேன். சமையக்கட்டுக் குழாய் சொட்டறது நின்னுடுச்சு, இப்ப குளியலறைக் குழாய் ஆரம்பிச்சிருக்கு. ஊரு பூரா தண்ணி மீட்டர் பாத்து எழுதற மனுஷன் வீட்டுல இப்படி சொட்டலாமானு கேட்டா, அது மீட்டருக்கு அப்புறம் வர்ற குழாய், என் டிபார்ட்மெண்ட் இல்லங்கறாரு உன் சித்தப்பா. எனக்கு பேக்கரியில ஒரு படி மேல ஏத்தி, கல்யாண கேக்குக்குப் பூ போடற மேஜையில உக்கார வச்சிருக்காங்க. கிரீம் பைய அமுக்கறதுல என் விரலுக்கு இருக்கற நிதானம் வேற யாருக்கும் இல்லன்னு மொதலாளியம்மா சொன்னாங்க, அதே மூச்சுல, அந்த நிதானத்துல கால்வாசி உன் வாய்க்கு இருந்தா கடை இன்னும் நல்லா ஓடும்னாங்க. சொல்லிட்டுப் போகட்டும். அந்த விரல் சேதிக்கு நான் அப்புறம் வர்றேன், அதுக்கு இந்த லெட்டர்ல வேலை இருக்கு.

நீ விழுந்த அன்னிக்கு என்கிட்ட என்ன சொன்ன? ரோடு ஈரமா இருந்துச்சு சித்தி, சறுக்கிடுச்சு, அவ்வளவுதான்னு சொன்ன. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா போயி ரத்தத்தையும் சளியையும் பெட்டியில வாங்கிக்கிட்டு லேபுக்கு ஓடற வேலை, மழை வெயில் பாத்தா ஆகுமான்னு எனக்கே பாடம் நடத்தின. நானும் நம்பினேன். போன மாசம் ஒரு நாள் நான் கூப்பிட்டப்ப நீ குளிக்கப் போயிருந்த, போன எடுத்தது உன்கூட தங்கியிருக்கற நர்ஸ் பொண்ணு. என்ன அம்மான்னுதான் கூப்பிட்டா, நல்லா இருக்கணும். அவதான் நீ மறைச்சதெல்லாம் சொன்னா. இறக்கத்துல போறப்ப முன்னாடி போன லாரி டக்குனு நின்னுடுச்சாம், நீ கால் பிரேக்க மட்டும் ஓங்கி மிதிச்சியாம், பின் சக்கரம் சுத்தறத நிறுத்திட்டு பக்கவாட்டுல இழுத்துக்கிட்டே போயி, வண்டி சாஞ்சு, நீ ரோட்டுல தேய்ஞ்சுக்கிட்டு லாரிக்கு அடியில போயி நின்னியாம். உன் ஹெல்மெட்டுக்கும் லாரி சக்கரத்துக்கும் நடுவுல ஒரு சாண்தான் இருந்துச்சாம். நான் போன ஒரு கையில வச்சுக்கிட்டு இன்னொரு கைய விரிச்சுப் பாத்தேன் சிட்டு. ஒரு சாண்ங்கறது ரொம்பக் கொஞ்சம். முன் பிரேக்கும் பிடிச்சிருந்தா லாரிக்கு முன்னாடியே நின்னிருக்கும்மா, ஏன்டி பிடிக்கலன்னு கேட்டா, எங்க சித்தி தலையில கை வச்சு சத்தியம் பண்ணிருக்கேன், அத எப்படிப் பிடிக்கறதுன்னு சிரிக்கறா உங்க பொண்ணு, அவளுக்கு கழண்டிருக்கறது எலும்பு மட்டும்தானானு கேட்டா அந்தப் பொண்ணு. சொல்லிட்டு அவளும் சிரிச்சா. எனக்கு சிரிப்பு வரல. போன வச்சுட்டு சாமி படத்துக்கு முன்னாடி போயி நின்னேன், சாண் அளந்த கைய மடக்கவே இல்ல.

ஆறு வருஷத்துக்கு முன்னாடி நீ வேலைக்குக் கெளம்பின காலையில, வாசல்ல வண்டிய நிறுத்தி மூட்டையக் கட்டிக்கிட்டு இருந்த. நான் மாவுக் கையோட ஓடி வந்து உன் வலது கையப் பிடிச்சு இழுத்து என் உச்சந்தலையில வச்சேன். முன் பிரேக்கத் தொடவே மாட்டேன்னு சொல்லு, சொன்னாத்தான் வாசலத் தாண்ட விடுவேன்னு நின்னேன். என்ன சித்தி சின்னப் புள்ளையாட்டம்னு நீ இழுத்த. அக்கா போனப்பறம் ஏழு வயசுலேருந்து உன்னத் தூக்கி வளத்தவ கேக்கறேன்டின்னு ஒரு அழுகையும் அழுது வச்சேன், அது உண்மையான அழுகைதான், ஆனா அழுதா நீ எறங்கி வருவங்கறதும் எனக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சு. நீ சத்தியம் பண்ணின. அதுக்கு என் முன்பல்லு ரெண்டும்தான் காரணம்னு உனக்குத் தெரியும். கல்யாணமான மூணாம் மாசம் சித்தப்பாவோட வண்டியில போனப்ப நாய் குறுக்க வந்து, மண்ணுல விழுந்து, ரெண்டு பல்லும் போச்சு. விழுந்து கெடந்தவ தலையத் தூக்கிப் பாத்தேன், சித்தப்பாவோட வலது கை முன் பிரேக் லீவர் மேல இருந்துச்சு. அங்கேயே தீர்ப்பு எழுதிட்டேன். அன்னியிலேருந்து அதுக்கு நம்ம வீட்டுல பேரே குத்தவாளி. வண்டியத் தொடைச்சா கூட அந்த லீவர மட்டும் விட்டுட்டுத் தொடைப்பேன், நீயே கேலி பண்ணியிருக்க.

நர்ஸ் பொண்ணு சொன்னத சித்தப்பாகிட்ட சொன்னேன். சொல்லிட்டு, என்ன இருந்தாலும் குத்தவாளியப் பிடிச்சிருந்தா தலைகுப்புறத் தூக்கி எறிஞ்சிருக்கும், சாமி பாத்து அந்த ஒரு சாண விட்டு வச்சதுன்னு என் பழைய பாட்டையே பாடினேன். அவரு டீ டம்ளரக் கீழ வச்சாரு. அப்புறம் மெதுவா, அன்னிக்கு நான் முன் பிரேக்கத் தொடவே இல்லடின்னாரு. கால் பிரேக்கத்தான் ஓங்கி மிதிச்சேன், சறுக்கினது பின் சக்கரம், நம்ம சிட்டுக்கு ஆன மாதிரியேதான்னாரு. அப்ப கை எப்படி அங்க இருந்துச்சுன்னு கேட்டேன். விழறவன் எதையாவது பிடிச்சுக்கிட்டுதான் விழுவான், நீ வாயில ரத்தத்தோட எழுந்திரிச்சு முன் பிரேக்கப் பிடிச்சீங்களான்னு கேட்ட, நான் ஆமான்னுட்டேன், உங்க அப்பாகிட்ட எனக்கு வண்டி ஓட்டறது கைவந்த கலைன்னு அளந்து வச்சிருந்தேன், எனக்கு பிரேக் பிடிக்கத் தெரியலங்கறத விட பிரேக்கே கெட்டதுன்னு ஆயிட்டது வசதியா இருந்துச்சுன்னாரு. முப்பத்தோரு வருஷம் சிட்டு! அந்த ஒரு ஆமாவ வச்சு நான் சத்தியம் வரைக்கும் கட்டிட்டேன். அவரு என்கிட்ட சொன்ன இன்னொண்ணையும் கேளு, வயிறு எரியும். தினமும் உன்னப் பின்னாடி உக்கார வச்சுக்கிட்டு அதத்தான் பிடிச்சு ஓட்டறேன், ரெண்டு விரல் எப்பவும் அது மேலதான் இருக்கும், நீதான் ஏறினதுலேருந்து எறங்கற வரைக்கும் கண்ண மூடிக்கிட்டு சாமி பேரச் சொல்லிட்டு வர்றியேன்னாரு. அவரு எழுந்து போயி குளியலறைக் குழாயத் திருகிக்கிட்டு இருந்தாரு, அன்னிக்குத்தான் அது அவரு டிபார்ட்மெண்ட் ஆச்சு. திரும்பி வந்தப்ப கண்ணு ரெண்டும் செவந்து இருந்துச்சு. நான் அவரோட மூணு நாள் பேசல, அதுக்கு மேல என்னால முடியல, நான் பேசாம இருக்கறது அவருக்குத் தண்டனையா எனக்கானு தெரியல.

நாலாம் நாள் பேக்கரிக்குப் போறப்ப கண்ணத் தொறந்து வச்சுக்கிட்டு அவரு தோளுக்கு மேல எட்டிப் பாத்தேன். நெசந்தான். ஆள்காட்டி விரலும் நடு விரலும் லீவர் மேல சும்மா படுத்துக்கிட்டு இருக்கு, மோதிர விரலும் சுண்டு விரலும் கட்டை விரலோட சேந்து கைப்பிடியப் பிடிச்சிருக்கு. சிக்னல் வந்தப்ப அந்த ரெண்டு விரல் கொஞ்சமா மடங்குச்சு, வண்டி நின்னதே தெரியல. இவ்வளவு வருஷமா நான் சாமிதான் நிறுத்தறதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். சாமிதான், இல்லங்கல, ஆனா அந்த ரெண்டு விரல் வழியா நிறுத்தியிருக்கு. அன்னிக்கு சாயந்தரமே கோயில் பெரியவர்கிட்ட போயி, ஒரு சத்தியத்த வாங்கினவளே திருப்பிக் குடுத்தா தெய்வ குத்தம் ஆயிடுமான்னு கேட்டேன். எதுக்கு சத்தியம்னாரு. பிரேக்குக்குன்னேன். மனுஷன் என்ன ஒரு பார்வை பாத்துட்டு, வாங்கினவங்க மனசார விட்டுக் குடுத்தா போதும்மா, சாமிக்கு வேற வேலை நெறைய இருக்குன்னாரு. உடனே உனக்கு போன் பண்ணியிருக்கலாம். ஆனா மனசார விடணும்னா பயம் போகணுமே, நான் பயந்துக்கிட்டே உன்ன பிடிடின்னு சொன்னா அது எப்படி மனசார ஆகும். நீயோ அப்ப வண்டி எடுக்கற நெலையில இல்ல, ஒரு மாசம் டைம் இருந்துச்சு. அதனால உன் சித்தி என்ன பண்ணினான்னா, அம்பத்தி நாலு வயசுல, சித்தப்பாவோட பழைய பேண்ட்ட இடுப்புல கயிறு கட்டி மாட்டிக்கிட்டு, மூடிக் கெடக்கற மாவு மில்லுக்குப் பின்னாடி பொம்பளைங்களுக்கு பைக் ஓட்டக் கத்துக் குடுக்கற எடத்துல போயி சேந்துட்டா. சிரி, நல்லா சிரிச்சு முடி, நான் காத்திருக்கேன்.

கத்துக் குடுக்கறவ உன்ன விட ரெண்டு வயசு சின்னவ, எல்லாரும் மாஸ்டர்னு கூப்பிடறாங்க, நானும் மாஸ்டர்னுதான் கூப்பிட்டேன். முதல் நாள் வண்டிய ஓட்டவே விடல. ஸ்டாண்டு போட்ட வண்டியில உக்கார வச்சு, கைய மட்டும் வச்சுப் பாக்கச் சொன்னா. நான் பயத்துல நாலு விரலையும் லீவர்ல போட்டு நசுக்கினேன். அம்மா, கழுத்தப் பிடிக்கறீங்களா பிரேக்கப் பிடிக்கறீங்களானு கேட்டா. நாலு விரலும் லீவர்ல போயிட்டா ஆக்சிலேட்டரப் பிடிச்சுக்க கட்டை விரலும் உள்ளங்கையும்தான் மிச்சம், இழுக்கற இழுப்புல அதுவும் சேந்து திரும்பி, நிக்க வேண்டிய வண்டி சீறும்னு காட்டினா. பழைய வண்டிங்கள்ல கம்பி போட்ட பிரேக் கெட்டியா இருக்கும், அதுக்கு நாலு விரலோட பலமும் வேணும், இப்ப வர்ற டிஸ்க் பிரேக்குக்கு ரெண்டு விரலே தாராளம், சில வண்டிக்கு ஒரு விரல் கூட போதும், எத்தன விரல்ங்கறத வண்டியும் உங்க கையும் சேந்து சொல்லும்னா. என் கை சின்னது, விரல் லீவர எட்டவே நீட்ட வேண்டியிருந்துச்சு. அங்க ஒரு சின்ன திருகு இருக்கு, அதத் திருகினா லீவர் கைக்குக் கிட்ட வருது. இத்தன வருஷம் பகையாளியா பாத்ததுக்கு, என் கைக்குத் தகுந்த மாதிரி அதுவே கிட்ட வருதேன்னு எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

ரெண்டாம் நாள் ஓட்ட விட்டா. செவுத்துக்கு முன்னாடி ஒரு கோடு போட்டு, அங்க நிறுத்தணும்னா. நான் கோட்டப் பாத்ததும் கண்ண மூடி சாமி பேரச் சொல்ல ஆரம்பிச்சேன், கோட்டத் தாண்டி செவுத்துக்கு ரெண்டடியில கால ஊனித்தான் நின்னேன். மாஸ்டர் ஓடி வந்து, அம்மா உங்க சாமி பேரு ரொம்ப நீளமா இருக்கு, சொல்லி முடிக்கறதுக்குள்ள செவுரு வந்துடுது, விரல மொதல்ல வைங்க, பேர அப்புறம் சொல்லுங்கன்னா. கோவம் வந்துச்சு எனக்கு, சாமியச் சொல்றாளேன்னு. வீட்டுக்கு வந்து யோசிச்சுப் பாத்தா அவ சொன்னதுல ஒரு தப்பும் இல்ல. விரல வைக்கறது நான், கூப்பிட்டா வர்றது சாமி, நான் என் பங்க செய்யாம கூப்பிட்டுக்கிட்டே இருந்தா சாமிதான் என்ன பண்ணும். அடுத்த நாள் ஹேண்டில் திரும்பி இருக்கறப்ப மண்ணுல படக்குனு பிடிச்சு, மெதுவாத்தான், பொத்துன்னு சாஞ்சேன். முழங்கால் தோல் போச்சு, பல்லு பத்திரம், எப்படியும் அது கழட்டி மாட்டற பல்லுதானே. அப்பத்தான் புரிஞ்சுச்சு, இந்த லீவர் நல்லதும் இல்ல, கெட்டதும் இல்ல, நேரா இருக்கறப்ப பிடிச்சா கேக்கும், திரும்பறப்ப படக்குனு பிடிச்சா கோச்சுக்கும்.

ஆனா கை பழகினது எங்கேன்னு கேளு, பேக்கரியில. கிரீம் பைய ஒரேயடியா அமுக்கினா பொளக்குனு கட்டியா விழும், பூ கெட்டுடும். மொதல்ல லேசா அமுக்கி பைக்குள்ள இருக்கற காத்து போறதப் பாக்கணும், கிரீம் நுனிக்கு வந்தது விரலுக்குத் தெரியும், அப்புறம்தான் அழுத்தத்த ஏத்திக்கிட்டே போகணும், முடிக்கறப்ப மெதுவா விடணும். ஒரு கல்யாண கேக்குல நாப்பதாவது பூ போட்டுக்கிட்டு இருந்தப்ப டக்குனு தோணுச்சு, மாஸ்டர் தொண்டத் தண்ணி வத்த சொல்றது இதத்தானேன்னு. மறுநாள் அதே விரலோட போனேன். லேசா இழுத்தேன், லீவர்ல இருக்கற தளர்ச்சி போச்சு, வண்டியோட மூஞ்சி கொஞ்சம் கீழ குனிஞ்சுது, நம்ம கனம் முன் சக்கரத்து மேல வந்து உக்காந்தது தெரிஞ்சுது, அப்புறம் இறுக்கிக்கிட்டே போனேன், கால் பிரேக்கயும் கூடவே லேசா மிதிச்சேன், நிக்கப் போறப்ப விரலக் கொஞ்சம் தளத்தினேன். கோட்டு மேல நின்னேன் சிட்டு. நேத்து மாஸ்டர் ரோட்டுல தண்ணிய ஊத்தி, வேகமா வரச் சொல்லி, கொடியக் காட்டினதும் ஒரு தரம் கால் பிரேக்குல மட்டும், இன்னொரு தரம் ரெண்டு பிரேக்குலயும் நிறுத்தச் சொன்னா. கண்ணத் தொறந்து வச்சுக்கிட்டே நிறுத்தினேன். எறங்கி அடி வச்சு அளந்தேன். கால் பிரேக்குல மட்டும் நிறுத்தினதுக்கும் இதுக்கும் பதினோரு அடி வித்தியாசம். பதினோரு அடி. உனக்கு நான் விட்டு வச்சது ஒரு சாண். அங்கேயே ரோட்டுல உக்காந்து அழுதுட்டேன், மாஸ்டர் எனக்கு அடி பட்டுடுச்சுன்னு நெனச்சு ஓடி வந்தா.

அதனால இப்ப சொல்றதக் கேளு. ஒண்ணாந்தேதி வேலைக்கு எடுத்துக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி, காலி எடமா பாத்து அரை மணி நேரம் பழகு. உன் கை என் கை மாதிரியே சின்னது, திருகத் திருகி லீவரக் கிட்ட கொண்டு வா, மணிக்கட்டு மடங்காம நேரா இருக்கட்டும். ஆனா ரொம்பக் கிட்ட வேண்டாம், முழுசா இழுத்தா லீவர் வந்து மீதி ரெண்டு விரல நசுக்கும், அப்படி நசுக்குச்சுன்னா பிரேக்க மெக்கானிக்குகிட்ட காட்டு. கூட்டத்துல போறப்ப, பஸ்ஸுக்குப் பின்னாடி போறப்ப, பள்ளிக்கூடத்து வாசல்ல எல்லாம் ரெண்டு விரல லீவர் மேல சும்மா போட்டு வை, அழுத்தாதே. மழையில எல்லாத்தையும் சீக்கிரமா ஆரம்பி, மெதுவா இறுக்கு. தோளு வலிச்சா பிரேக் பிடிக்கற பலமும் கொறையும், அன்னிக்கு லீவு போடு, ரத்தப் பெட்டிய வேற யாராவது தூக்கிக்கிட்டு ஓடட்டும். நீ சாப்பிடாம ஓட்டறதும் எனக்குத் தெரியும், நர்ஸ் பொண்ணு அதையும் சொல்லிட்டா, அவளக் கோவிச்சுக்காதே.

இந்தத் தாளுக்குப் பின்பக்கம் திருப்பிப் பாரு. என் வலது கைய வச்சு சுத்தி பென்சிலால வரைஞ்சிருக்கேன். ஆள்காட்டி விரலுக்கும் நடு விரலுக்கும் மட்டும் கேக்குக்குப் போடற செவப்புச் சாயம் பூசியிருக்கேன், குறுக்க இருக்கற கோடு லீவர். அன்னிக்கு என் தலையில வச்ச அதே வலது கைய எடுத்து இது மேல வை. அந்த சத்தியத்த வாங்கினவ நானு, மனசார விட்டுட்டேன், சாமிகிட்டயும் சொல்லிட்டேன், உன்ன இனிமே அது கட்டாது. நீ சொன்ன பேச்சக் கேட்டு வளந்த பொண்ணுங்கறதாலதான் எலும்பு முறிஞ்சுது, அது உன் தப்பு இல்ல, என் பயத்தையும் சித்தப்பாவோட பெருமையையும் நீ ஒருத்தியா தூக்கிக்கிட்டு அந்த இறக்கத்துல எறங்கியிருக்க. சித்தப்பா எதிர்லதான் உக்காந்திருக்காரு, பூனைக்குட்டிய மடியில போட்டுக்கிட்டு. நீங்களும் ரெண்டு வரி எழுதுங்கன்னு பேனாவக் குடுத்தேன், என்ன எழுதறது, என்ன எழுதறதுன்னு பத்து நிமிஷம் தாளையே பாத்துட்டு, அந்தப் படத்துல லீவர் பக்கத்துல ஒரே ஒரு வரி எழுதிட்டு பேனாவ மூடிட்டாரு. குத்தவாளி இது இல்ல, நான்தான்னு எழுதியிருக்காரு. முப்பத்தோரு வருஷத்துக்கு அப்புறம் வாங்கின வாக்குமூலம், தாளக் கிழிச்சிடாதே.

நீ போற ரோடெல்லாம் காஞ்சு கெடக்கட்டும், முன்னாடி போற வண்டியெல்லாம் சொல்லிட்டு நிக்கட்டும், ஆண்டவன் உன் விரல் நுனியில வந்து உக்காந்துக்கட்டும். கை வச்சுப் பாத்துட்டு போன் பண்ணு, சரி சித்தின்னு ஒரு சரி போதும், அது மட்டும் நெசமா இருக்கட்டும். வண்டியில ஏறினதும் விரல் மொதல்ல, சாமி பேரு அப்புறம், மறக்காதே.

இப்படிக்கு,
கண்ணத் தொறந்துக்கிட்டு வண்டியில போற,
உன் சித்தி